ஃப்ரீ_ஐஆர்க்யூ திரும்பி வந்த பிறகு எது நடக்காது? அதை ஆவணத்தில் தெளிவாக எழுதும் முறை

லினக்ஸில் என் டிரைவர் மாட்யூலை (சாதனத்தை இயக்கும் நிரல் துண்டை) இறக்கும்போது கெர்னல் செய்திப் பதிவில் ஓர் எச்சரிக்கை வந்தது. ஏற்கெனவே விடுவித்த ஐஆர்க்யூவை (சாதனம் கெர்னலைக் கூப்பிடும் இன்டரப்ட் லைனை) மறுபடி விடுவிக்கப் பார்க்கிறீர்கள் என்று சொன்னது. அதைப் படித்தால் யாருக்கும் என்ன தோன்றும்? அதை விடுவிக்கும் ஃபங்ஷனான ஃப்ரீ_ஐஆர்க்யூவை (free_irq) இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டோம் என்றுதான். நானும் அப்படியே நம்பி, அந்த இரண்டாவது அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒன்றரை நாள் தேடினேன். போகிற வழியெல்லாம் பிரிண்ட் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு அழைப்புதான். கடைசியில் விஷயம் வேறாக இருந்தது. ஹேண்ட்லரை, அதாவது இன்டரப்ட் வந்தால் ஓட வேண்டிய ஃபங்ஷனை, பதிவு செய்யும்போது ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூவுக்கு நெட்வொர்க் சாதனத்தின் ஸ்ட்ரக்ட் பாயிண்டரைக் கொடுத்திருந்தேன், விடுவிக்கும்போது என் டிரைவரின் பிரைவேட் ஸ்ட்ரக்ட் பாயிண்டரைக் கொடுத்திருந்தேன். ஒரு லைனில் பதிவான ஹேண்ட்லர்களின் பட்டியலில் லினக்ஸ் கெர்னல் ஆளைக் கண்டுபிடிப்பது டெவ்_ஐடி என்ற அந்தப் பாயிண்டரை வைத்து மட்டுமே. பொருந்துகிற ஆள் இல்லையென்றால், இரண்டு தடவை விடுவித்தாலும் சரி, தவறான பாயிண்டரைக் கொடுத்தாலும் சரி, வருவது அதே எச்சரிக்கை. இதில் ஆபத்து என்னவென்றால் என் ஹேண்ட்லர் பட்டியலிலேயே இருக்கிறது, மாட்யூல் மட்டும் போய்விட்டது. அடுத்த இன்டரப்ட் வந்தால் கெர்னல் காலியான முகவரிக்குத் தாவும்.

ஃப்ரீ_ஐஆர்க்யூவின் கமென்ட்டில் டெவ்_ஐடிக்கு எதிரே இருந்தது விடுவிக்க வேண்டிய சாதனத்தின் அடையாளம் என்ற பொருளில் ஒரு சின்ன வரி. தவறு இல்லை. ஆனால் ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூவுக்குக் கொடுத்த அதே பாயிண்டராக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஹேண்ட்லர் நீக்கப்படாது என்று இன்னும் ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு அந்த ஒன்றரை நாள் மிஞ்சியிருக்கும். இந்த மாதிரி ஃபங்ஷன்களின் ஆவணத்தை எப்படித் தெளிவாக்குவது என்று இங்கே எழுதுகிறேன். உதாரணம் முழுக்க ஃப்ரீ_ஐஆர்க்யூதான். உங்கள் டிரைவருக்குள் சொந்தமாக ஒரு விடுவிக்கும் ஃபங்ஷன் எழுதியிருந்தாலும் இதே வழி பொருந்தும்.

முதலில் கமென்ட்டை மூடி வைத்துவிட்டு, கெர்னல் மூலத்தில் ஐஆர்க்யூ அடைவுக்குள் இருக்கும் மேனேஜ்.சி கோப்பைத் திறந்து கோடைப் படியுங்கள். இந்த வரிசை முக்கியம். கமென்ட்டை முதலில் படித்துவிட்டால் அது சொல்வதைத்தான் கோடிலும் பார்ப்போம். ஃப்ரீ_ஐஆர்க்யூவுக்கு உள்ளே முன்னால் இரண்டு அடிக்கோடு போட்ட இன்னொரு ஃபங்ஷன் இருக்கிறது, வேலை முழுவதும் அங்கேதான். நுழைந்தவுடன் இன்டரப்ட் சூழலில் (இன்டரப்ட்டைக் கவனிக்கும், தூங்க முடியாத நேரத்தில்) இருக்கிறோமா என்று பார்த்து, இருந்தால் எச்சரிக்கிறது. அப்புறம் ஒரு மியூடெக்ஸ் (கிடைக்கும்வரை தூங்கிக் காத்திருக்கும் பூட்டு) எடுக்கிறது. பட்டியலில் டெவ்_ஐடியைத் தேடி அந்த ஆளைக் கழற்றுகிறது. கழற்றியபின் பட்டியல் காலியாகிவிட்டால் லைனை மூடுகிறது. பட்டியலைத் தொட எடுத்த ஸ்பின்லாக்கை (தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் பூட்டை) விட்டுவிட்டு, வேறு ஏதாவது சிபியுவில் இந்த ஐஆர்க்யூவின் ஹேண்ட்லர் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருக்கிறது. ஹேண்ட்லருக்குத் தனி த்ரெட் இருந்தால் அதையும் நிறுத்தி, நின்றபின் முன்னே நகர்கிறது. கடைசி ஆள் என்றால் லைனுக்காக எடுத்த வளங்களைத் திருப்பித் தருகிறது.

இதைப் படிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதி வையுங்கள்: கூப்பிடுகிறவருக்கு இதில் தெரிய வேண்டியது என்ன? மியூடெக்ஸ் எதைக் காக்கிறது என்பது அவருக்குத் தேவையில்லை. அதை எடுப்பதால் இந்த ஃபங்ஷன் தூங்கலாம், அதாவது சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கலாம் என்பது தேவை. கமென்ட் எழுதுகிறவர்கள் வழுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான், உள்ளே நடப்பதைச் சொல்லிவிட்டு வெளியே இருப்பவருக்கு வேண்டியதை விட்டுவிடுகிறார்கள்.

அந்தச் சூழல் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் 2.4 காலத்தில் ஐ386 கோடில் இருந்த கமென்ட், ஃப்ரீ_ஐஆர்க்யூவை இன்டரப்ட் சூழலிலிருந்து கூப்பிடலாம் என்றே சொன்னது. அதற்குக் கீழேயே, ஓர் ஐஆர்க்யூவை அதன் ஹேண்ட்லருக்குள்ளிருந்தே விடுவித்தால் இயந்திரம் தொங்கிவிடும் என்று ஒரு குறையையும் ஒப்புக்கொண்டிருந்தது. பின்னால் அது இன்டரப்ட் சூழலிலிருந்து கூப்பிடக் கூடாது என்று மாறியது. நல்ல மாற்றம்தான், ஆனால் இன்றைய கோடுக்கு அதுவும் போதவில்லை. மியூடெக்ஸ் எடுக்கிறது, த்ரெட் நிற்கும்வரை காத்திருக்கிறது என்றால் இன்டரப்ட் சூழல் மட்டுமல்ல, தூங்க முடியாத எந்த இடத்திலிருந்தும் கூப்பிடக் கூடாது. ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு சாதாரண புராசஸ் சூழலில் ஒருவர் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கமென்ட்டை எழுத்துக்கு எழுத்து படித்தால் அவர் விதியை மீறவே இல்லை, ஆனாலும் கோடு தவறு. அதனால் எங்கிருந்து கூப்பிடக் கூடாது என்று பட்டியல் போடுவதைவிட, எங்கிருந்து கூப்பிடலாம் என்று எழுதுவது நல்லது: 'புராசஸ் சூழல், தூங்கலாம்.' கமென்ட்டிலிருந்தே ஆவணப் பக்கம் உருவாக்கும் கெர்னல்-டாக் வடிவத்தில் இதற்கென்றே காண்டெக்ஸ்ட் என்று ஒரு பகுதி உண்டு. அதில் இரண்டு மூன்று சொற்களில் எழுதினால் விஷயம் முடிந்தது.

அடுத்தது, லைன் மூடப்படும் என்ற வாக்கியம். ஃப்ரீ_ஐஆர்க்யூவின் கமென்ட்டில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்பது என் எண்ணம். வேறு எந்த டிரைவரும் அந்த லைனைப் பயன்படுத்தவில்லை என்றால் லைன் முடக்கப்படும் என்று கமென்ட் சொல்கிறது. முடக்கப்படுவது இன்டரப்ட் கன்ட்ரோலர் பக்கத்தில், சாதனத்தின் பக்கத்தில் அல்ல. உங்கள் சாதனம் இன்டரப்ட் எழுப்பாமல் தடுக்கும் மாஸ்க் ரெஜிஸ்டர் எங்கே இருக்கிறது என்று கெர்னலின் பொது அடுக்குக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. சாதனத்தை அமைதியாக்குவது முழுக்க டிரைவரின் வேலை. பகிர்ந்துகொள்ளும் லைன் என்றால் இதை விடுவிப்பதற்கு முன்பே செய்தாக வேண்டும்.

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று ஆவணம் சொல்ல வேண்டும். விளைவைச் சொல்லாத விதியைப் படிப்பவர்கள் சடங்காகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பழைய பிசிஐ லைன் இன்டரப்ட்டுகள் நிலை சார்ந்தவை, அதாவது சாதனத்தைக் கவனித்து அதன் காரணத்தை நீக்கும்வரை அது லைனை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். உங்கள் ஹேண்ட்லர் கழன்றுவிட்டது, அதே லைனில் ஒரு யுஎஸ்பி கன்ட்ரோலர் இன்னும் இருக்கிறது, அதனால் லைன் திறந்தே இருக்கிறது. உங்கள் சாதனம் இழுக்கிறது, கெர்னல் யுஎஸ்பியின் ஹேண்ட்லரைக் கூப்பிடுகிறது, அது தன்னுடையது இல்லை என்கிறது, வெளியே வந்தவுடன் மறுபடி அதே இன்டரப்ட். இப்படி 1,00,000 இன்டரப்ட்டுகளில் 99,900-க்கு மேல் யாரும் கவனிக்காமல் போனால், இதை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று பதிவில் எழுதிவிட்டு கெர்னல் அந்த லைனையே மூடிவிடும். அத்தோடு ஒரு பாவமும் அறியாத யுஎஸ்பி கன்ட்ரோலரும் சரியாக வேலை செய்யாமல் நின்றுபோகும். புகார் வரப்போவது யுஎஸ்பி வேலை செய்யவில்லை என்றுதான், உங்கள் டிரைவரின் பெயர் அதில் எங்கேயும் இருக்காது. கெர்னலின் பிசிஐ ஆவணம் இந்தக் கதையை விரிவாகவே சொல்கிறது. அந்த ஃபங்ஷனை மட்டும் பார்க்கிறவர் அங்கே போக மாட்டார் என்பதால் ஒரு வரியாவது கமென்ட்டிலும் இருக்க வேண்டும்.

லைனுக்குப் பதிலாகச் செய்தியாக இன்டரப்ட் அனுப்பும் எம்எஸ்ஐ, எம்எஸ்ஐ-எக்ஸ் வந்தபின் பகிர்வு குறைந்துவிட்டது, பக்கத்து ஆளைக் கொல்லும் ஆபத்தும் குறைவு. ஆனாலும் சாதனத்தை முதலில் அமைதியாக்கும் ஒழுங்கை விட வேண்டாம். அங்கே கூடுதலாக ஒரு விதி உண்டு: வெக்டர்களை (இந்த வகையில் ஒதுக்கப்படும் இன்டரப்ட்டுகளை) திருப்பித் தருவதற்கு முன் அவற்றில் பதிவு செய்த ஒவ்வொரு ஹேண்ட்லரையும் விடுவித்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாதனத்தில் மாஸ்க் செய்வதற்குப் பதிலாக டிசேபிள்_ஐஆர்க்யூவைக் கூப்பிட்டுச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பகிர்ந்த லைனில் அது எல்லோருக்குமான லைனையே நிறுத்திவிடும். ஆவணத்தில் 'முடக்கு' என்ற ஒரே சொல்லை இரண்டு அர்த்தத்தில் பயன்படுத்துவதால் வரும் குழப்பம் இது. சாதனத்தில் முடக்குவதையும் லைனை முடக்குவதையும் எப்போதும் முழுப் பெயரோடு எழுதுங்கள். பழைய கமென்ட்டில் சாதனம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கார்டு என்று இருக்கிறது. ஸ்லாட்டில் செருகும் கார்டுகளின் காலத்துச் சொல் அது. சிப்புக்குள்ளேயே இருக்கும் ஐ2சி கன்ட்ரோலருக்கு டிரைவர் எழுதும் புதியவர், இது தனக்குப் பொருந்தாது என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

இப்போது இந்த ஃபங்ஷனின் முக்கியமான வாக்குறுதிக்கு வருவோம். இந்த ஐஆர்க்யூவுக்காக ஓடிக்கொண்டிருக்கும் இன்டரப்ட்டுகள் முடியும்வரை ஃபங்ஷன் திரும்பாது. கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் 'முடியும்' என்றால் எது முடியும்? அந்த வாக்கியம் எழுதப்பட்ட காலத்தில் த்ரெட்டில் ஓடும் ஹேண்ட்லர்கள் கிடையாது. அவை பொதுவான வசதியாக வந்தது 2009-இல் 2.6.30 வெளியீட்டில். இன்று கோடைப் பார்த்தால் இன்டரப்ட் நேரத்தில் ஓடும் ஹேண்ட்லர், அதன் த்ரெட் ஹேண்ட்லர் இரண்டும் முடிந்த பிறகுதான் திரும்புகிறது. டிரைவர் எழுதுகிறவருக்கு இது பெரிய நிம்மதி, அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பகிர்ந்த லைனில் மற்றவர்களின் ஹேண்ட்லர்கள் பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும், உங்களுடையது மட்டும் இனி கூப்பிடப்படாது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் எதற்காகக் காத்திருக்காது என்பது அதைவிட முக்கியம். ஹேண்ட்லர் கிளப்பிவிட்ட டாஸ்க்லெட், வரிசையில் போட்ட வொர்க், முடுக்கிவிட்ட டைமர் எனப் பிறகு ஓடுவதற்காகத் தள்ளிப்போட்ட இவை எதைப் பற்றியும் ஃப்ரீ_ஐஆர்க்யூவுக்குத் தெரியாது. அது திரும்பி வந்தவுடன் நினைவகத்தை விடுவித்தால், இன்னும் வரிசையில் காத்திருக்கும் வொர்க் விடுவித்த இடத்தில் போய்க் கை வைக்கும். சரி, அப்படியென்றால் வொர்க்கை முதலில் ரத்து செய்யலாமா? கூடாது, ரத்து செய்த அடுத்த நொடியே ஹேண்ட்லர் ஓடி மறுபடி அதை வரிசையில் போடலாம். முதலில் சாதனத்தை மாஸ்க் செய்து, அடுத்து ஃப்ரீ_ஐஆர்க்யூ, அதற்கடுத்து வொர்க்கை ரத்து செய்து முடியும்வரை காத்திருப்பது, நினைவகம் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வொர்க் தன் வேலையை முடித்துவிட்டு சாதனத்தின் இன்டரப்ட்டை மறுபடி திறந்துவிடும் வழக்கம் பல டிரைவர்களில் இருக்கிறது. நீங்கள் மாஸ்க் செய்தீர்கள், ஹேண்ட்லரை விடுவித்தீர்கள், அதற்குள் பழைய வொர்க் ஒன்று ஓடி மாஸ்க்கை நீக்கிவிட்டது. பகிர்ந்த லைன் என்றால் மேலே சொன்ன யுஎஸ்பி கதை அப்படியே நடக்கும். மூடப்போகிறோம் என்று ஒரு கொடியை முதலிலேயே ஏற்றிவிட்டு, வொர்க் அதைப் பார்த்துத் திறக்காமல் விட வேண்டும். ரெஜிஸ்டரைத் தொடும் அந்த இடத்தையும் கொடியையும் ஒரே ஸ்பின்லாக்குக்குள் வைத்தால்தான் இடையில் நழுவாது. இவ்வளவையும் பொது ஃபங்ஷனின் கமென்ட்டில் எழுத முடியாது. ஹேண்ட்லர் தொடங்கிவைத்த தள்ளிப்போட்ட வேலைகளுக்காகக் காத்திருக்காது என்ற ஒரு வாக்கியம் அங்கே போதும், மற்றதை உங்கள் டிரைவரின் சொந்த ஃபங்ஷனுக்கு மேலே எழுதுங்கள்.

காத்திருக்கும் ஃபங்ஷன் என்றாலே முட்டுக்கட்டை பற்றியும் எழுதியாக வேண்டும். த்ரெட் ஹேண்ட்லர் எடுக்கும் ஒரு மியூடெக்ஸை நீங்கள் பிடித்துக்கொண்டு ஃப்ரீ_ஐஆர்க்யூவைக் கூப்பிட்டால், நீங்கள் த்ரெட்டுக்காகக் காத்திருப்பீர்கள், த்ரெட் உங்களுக்காகக் காத்திருக்கும். பெரும்பாலும் இது சோதனையில் மாட்டாது. மாட்யூலை இறக்கும் அந்தக் கணத்தில் சரியாக ஓர் இன்டரப்ட் வர வேண்டும் என்பதால் வாடிக்கையாளரின் இயந்திரத்தில்தான் மாட்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம். பகிர்ந்த இன்டரப்ட்டுகளைச் சோதிக்கும் டிபக்_எஸ்ஹெச்ஐஆர்க்யூ (DEBUG_SHIRQ) என்ற கட்டமைப்பு விருப்பத்தைப் போட்டு கெர்னலைக் கட்டினால், பகிர்ந்த லைனை விடுவிக்கும்போது ஃப்ரீ_ஐஆர்க்யூவே உங்கள் ஹேண்ட்லரை ஒரு தடவை வேண்டுமென்றே கூப்பிடும். விடுவிக்கும் நேரத்தில்கூட ஓர் இன்டரப்ட் வரலாம், அதற்கு டிரைவர் தயாராக இருக்கிறதா என்று பார்க்கத்தான். சாதனத்தின் கிளாக்கை அணைத்துவிட்டோ ரெஜிஸ்டர் மேப்பிங்கை நீக்கிவிட்டோ ஃப்ரீ_ஐஆர்க்யூவைக் கூப்பிடும் டிரைவர் அங்கேயே விழும். ஆக ஆவணத்தில் வர வேண்டிய வாக்கியம் இது: ஃபங்ஷன் திரும்பி வரும்வரை ஹேண்ட்லர் தொடும் எல்லாம் உயிரோடு இருக்க வேண்டும். எடுத்த வளங்களைத் தானாக விடுவிக்கும் டெவ்எம் வகை ஃபங்ஷன்களைப் பயன்படுத்துகிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ மூலம் பதிவு செய்தால், விடுவிப்பு நடப்பது உங்கள் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகு, எடுத்ததற்கு நேர் எதிர் வரிசையில். ரிமூவுக்குள் கையால் கிளாக்கை அணைத்தீர்கள் என்றால் அந்த இடைவெளியில் ஹேண்ட்லர் இன்னும் உயிரோடு இருக்கிறது. கிளாக் போன்றவற்றையும் டெவ்எம் மூலமே எடுத்து, புரோபில் (சாதனத்தைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷனில்) இன்டரப்ட்டை எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பதிவு செய்வது, அல்லது டெவ்எம்மை விட்டுவிட்டு நேரடியாக விடுவிப்பது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

திரும்பும் மதிப்பைப் பற்றிச் சுருக்கமாக. 2017 முதல் ஃப்ரீ_ஐஆர்க்யூ, பதிவு செய்தபோது கொடுத்த பெயரின் பாயிண்டரைத் திருப்பித் தருகிறது. கெர்னல் அந்தப் பெயரை நகல் எடுப்பதில்லை, பாயிண்டரை மட்டும் வைத்துக்கொள்கிறது. அதனால் பெயருக்காக நினைவகம் ஒதுக்கியவர் அதை விடுவிக்க இந்த மதிப்பு உதவும். பிசிஐ_ஃப்ரீ_ஐஆர்க்யூ அப்படித்தான் செய்கிறது. பொருந்தும் ஹேண்ட்லர் கிடைக்காவிட்டால் நல் (NULL, வெற்றுப் பாயிண்டர்) வரும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இதையெல்லாம் ஒன்று சேர்த்தால் கமென்ட் கிட்டத்தட்ட இப்படி வரும். பொருளை மட்டும் தமிழில் தருகிறேன், பேட்ச்சில் (கெர்னலுக்கு அனுப்பும் மாற்றத்தில்) ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்:

'டெவ்_ஐடி: பதிவு செய்தபோது கொடுத்த அதே பாயிண்டர். வேறு பாயிண்டர் கொடுத்தால் எச்சரிக்கை வரும், ஹேண்ட்லர் நீக்கப்படாது.

இந்த லைனிலிருந்து ஹேண்ட்லரை நீக்கும். லைனில் வேறு ஹேண்ட்லர் இல்லையென்றால் இன்டரப்ட் கன்ட்ரோலரில் லைன் மூடப்படும், சாதனம் தொடப்படாது. பகிர்ந்த லைனில், சாதனம் இன்டரப்ட் எழுப்பாதபடி கூப்பிடுகிறவர் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். தவறினால் அந்த லைனைக் கெர்னல் முடக்கக்கூடும், மற்ற சாதனங்களும் நிற்கும்.

திரும்பி வந்தபின் ஹேண்ட்லரோ அதன் த்ரெட்டோ எந்த சிபியுவிலும் ஓடாது. திரும்பும்வரை ஹேண்ட்லர் கூப்பிடப்படலாம். ஹேண்ட்லர் தொடங்கிய தள்ளிப்போட்ட வேலைகளுக்காக இது காத்திருக்காது. ஹேண்ட்லரின் த்ரெட் எடுக்கும் எந்த மியூடெக்ஸையும் பிடித்தபடி கூப்பிடக் கூடாது.

காண்டெக்ஸ்ட்: புராசஸ் சூழல். தூங்கலாம்.

ரிட்டர்ன்: பதிவில் கொடுத்த பெயர்; ஹேண்ட்லர் கிடைக்காவிட்டால் நல்.'

எழுதி முடித்தபின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கோடில் எந்த வரி ஆதாரம் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். காட்ட முடியாத வாக்கியத்தை நீக்கிவிடுங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும். கோடில் இன்று தற்செயலாக நடக்கும் ஒன்றை வாக்குறுதியாக எழுதிவிடவும் கூடாது. உதாரணமாக, பகிர்ந்த லைனில் காத்திருக்கும்போது பக்கத்து ஆளின் ஹேண்ட்லர் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் முடியும்வரை நிற்கிறது. அதை எழுதினால் யாரோ அதை நம்பி டிரைவர் எழுதுவார், நாளைக்குக் கோடை மாற்ற முடியாமல் போகும்.

பிறகு மேக் கட்டளையில் டபிள்யூ=1 போட்டு அந்தக் கோப்பைக் கட்டுங்கள், கெர்னல்-டாக் வடிவத்தில் பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிடும். ஹெச்டிஎம்எல்டாக்ஸ் இலக்கைக் கட்டி, பொதுவான ஐஆர்க்யூ பற்றிய பக்கத்தில் உங்கள் வரிகள் எப்படித் தெரிகின்றன என்றும் பாருங்கள். கமென்ட்டில் ஒழுங்காக இருந்த உள்தள்ளல் பக்கத்தில் விசித்திரமாக மாறியிருக்கும். பேட்ச்சின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஓட்டி, கெட்_மெயின்டெய்னர் சொல்லும் முகவரிகளுக்கு அனுப்புங்கள். பேட்ச் விளக்கத்தில் கமென்ட்டைத் தெளிவாக்கினேன் என்று மட்டும் எழுதாமல், பழைய வரியை நம்பினால் எந்தத் தவறான டிரைவர் கோடு எழுதப்படும் என்று காட்டுங்கள். பராமரிப்பாளர் உடனே புரிந்துகொள்வது அதைத்தான். கோடு மாற்றத்தையும் கமென்ட் மாற்றத்தையும் ஒரே பேட்ச்சில் கலக்க வேண்டாம்.

அனுப்பும் முன் உங்கள் டிரைவரிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். டிபக்_எஸ்ஹெச்ஐஆர்க்யூ, தூங்கக் கூடாத இடத்தில் தூங்குவதைப் பிடிக்கும் டிபக்_அட்டாமிக்_ஸ்லீப், விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் பிடிக்கும் கேஏசான், மூன்றையும் போட்டு கெர்னலைக் கட்டி, சாதனத்துக்கு விடாமல் வேலை கொடுத்தபடி மாட்யூலை ஏற்றுவதும் இறக்குவதுமாக ஓர் இரவு ஓட விடுங்கள். காலையில் வந்து செய்திப் பதிவையும், மாட்யூல் இறங்கிய நிலையில் புரோக் அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பையும் பாருங்கள், உங்கள் டிரைவரின் பெயர் அங்கே இருக்கவே கூடாது.